தஞ்சைப் புறநகர்ச் சபை: தொடக்க ஆண்டு எது?

கேள்வி: ஆலயக் கல்வெட்டில் ஓர் ஆண்டு. ஞானஸ்நானப் பதிவேடோ அதற்கு முன்பே தொடங்குகிறது. சபை வரலாற்று மலரில் எதைப் போடுவது?

பதில் 1: கல்வெட்டு கட்டடத்தின் வயதைத்தான் சொல்லும், கூரைக் கொட்டகையில் ஜெபம் நடந்த காலம் அதில் வராது. தரங்கம்பாடியையே பாருங்கள்: ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் வந்தது 1706, இன்று நிற்கும் புதிய எருசலேம் ஆலயம் 1718. பதிவேட்டின் முதல் பக்கங்களைக் கவனியுங்கள். பல ஆண்டுப் பதிவுகள் ஒரே கையெழுத்தில், ஒரே மையில் இருந்தால் தாய்ச்சபை ஏட்டிலிருந்து பெயர்த்தெழுதியதாக இருக்கலாம். அந்த மூல ஏட்டைத் தேடுங்கள்.

பதில் 2: லுத்தரன் சபையா, சிஎஸ்ஐயா? தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை அமைந்தது 1919, தென்னிந்தியத் திருச்சபை (சிஎஸ்ஐ) 1947. அவற்றைச் சபையின் பிறப்பாண்டாகப் போட்டுவிடாதீர்கள்.

பதில் 3: பதிவேட்டின் கிழிந்த தாளில் செல்லோடேப் வேண்டவே வேண்டாம், பசை மஞ்சளித்து எழுத்தைக் கெடுக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் படமெடுத்தால் போதும்.