சாட்சியே கேட்காமல் 14 நாள் ரிமாண்டா?

கோபாலபுரத்தான்:
எல்லை தாண்டி கேரளாவில், கொழிஞ்சாம்பாறையில் ஒரு அடிதடி. எங்கள் ஊர்ப் பையனை ராத்திரி பிடித்து, மறுநாள் மத்தியானம் சித்தூர் (பாலக்காட்டுச் சித்தூர்தான்) மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நிறுத்தினார்கள். பெயர் கேட்டார், போலீஸ் அடித்தார்களா என்று கேட்டார், பேப்பரைப் புரட்டினார், 14 நாள் ரிமாண்டு. சாட்சி இல்லை, விசாரணை இல்லை. இது என்ன நியாயம்?

மீனாட்சிபுரம் வக்கீல்:
ரிமாண்டில் சாட்சி விசாரிக்க மாட்டார்கள். 24 மணி நேரத்துக்குள் கொண்டுவந்தார்களா (பயண நேரம் கணக்கில் வராது), காவலில் வைக்கக் காரணம் இருக்கிறதா, அவ்வளவுதான் பார்ப்பார்கள். குற்றப்பத்திரிகைக்கே இன்னும் நாள் இருக்கிறது. என்ன பிரிவு?

கோபாலபுரத்தான்:
பி.என்.எஸ். (ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த புதிய தண்டனைச் சட்டம்) 118(1). கையில் மட்டை வெட்டுகிற கத்தி இருந்ததாம்.

மீனாட்சிபுரம் வக்கீல்:
ஆயுதத்தால் காயம். ஸ்டேஷன் ஜாமீன் கிடையாது. ஆனால் அதிகபட்சம் 3 வருஷம்தான். 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை போடாவிட்டால் ஜாமீன் அவன் உரிமை.

வாளையார் லாரி:
3 வருஷப் பிரிவுக்கு எதற்கு ஐயா கைது? 7 வருஷம் வரைக்குமான வழக்கில் எடுத்த எடுப்பில் கைது செய்யாதே, நோட்டீஸ் கொடு என்று 2014-லேயே அர்னேஷ் குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

எல்லையோரம்:
நோட்டீஸை யார் கையில் கொடுப்பது? வெட்டிவிட்டு பைக்கில் பத்து நிமிஷத்தில் தமிழ்நாட்டுக்குள் போய்விடுகிறான். இங்கே ஆஸ்பத்திரியில் கிடக்கிறவனுக்காக யாரும் பேச மாட்டீர்கள். கோர்ட்டுக்கு வர மாட்டான் என்று தோன்றினால் கைது செய்யலாம் என்பதும் அதே தீர்ப்பில்தான் இருக்கிறது.

வாளையார் லாரி:
அந்தக் காரணத்தை எழுத வேண்டும். தமிழ்நாட்டு ஆதார் வைத்திருப்பது ஒரு காரணமா?

கோபாலபுரத்தான்:
மலையாளத்தில் ஒரு தாள் கொடுத்து, கையெழுத்து வாங்கினார்களாம். அவனுக்கு ஒரு எழுத்தும் தெரியாது.

மீனாட்சிபுரம் வக்கீல்:
அதைப் பத்திரமாக வையுங்கள்! கைதுக்கான காரணத்தை அவனுக்குப் புரிகிற மொழியில் எழுதித் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் தீர்ப்பு வந்திருக்கிறது. ஜாமீன் மனுவில் முதல் பாயின்டே அதுதான்.

எல்லையோரம்:
ஜாமீன் கிடைத்தாலும் கரம் ரசீதோடு (நிலவரி கட்டிய ரசீது) இங்கத்திய ஆள் இரண்டு பேர் வேண்டும். யார் நிற்பார்கள்?

வாளையார் லாரி:
உள்ளூர் ஆள்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கக் கூடாது என்று 1978-ல் மோதிராம் வழக்கில் எழுதியவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். உங்கள் பாலக்காட்டில் பிறந்தவர்தான்.

எல்லையோரம்:
தீர்ப்பு கிடக்கட்டும். போய் நின்றால் முதலில் கேட்பது கரம் ரசீதுதான்.

மீனாட்சிபுரம் வக்கீல்:
கேட்பார்கள்தான். பொள்ளாச்சி நிலத்துப் பட்டா, சிட்டாவோடு ஆளைக் கூட்டி வாருங்கள். ஏற்காவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி செஷன்ஸில் மனு போடலாம்.