பழைய காரில் ஹீட்டர் சூடா வரலையா? மெக்கானிக்கிட்ட போறதுக்கு முன்னாடி நீங்களே பார்த்துடலாம்

கனடாவுக்கு செப்டம்பர் இன்டேக்ல படிக்க வந்து, கையில இருந்த காசுக்கு ஒரு பழைய கரோலாவோ சிவிக்கோ வாங்கின தம்பி தங்கைகளுக்காக எழுதுறேன். வெயில் இருக்கும்போது வாங்கின வண்டியில ஹீட்டரைப் போட்டுப் பார்க்கணும்னு யாருக்கும் தோணாது. நவம்பர் கடைசியில தான் தெரியும். வின்னிபெக், எட்மன்டன், சாஸ்கட்டூன் பக்கம் ஜனவரில மைனஸ் 25 சர்வ சாதாரணம். அந்தக் குளிர்ல ஹீட்டர் சரியில்லன்னா கை கால் விறைக்கும், அதோட முன் கண்ணாடியில உள்பக்கம் பனி படிஞ்சு ரோடே தெரியாது. பிரேக்கைப் பார்க்கிற அதே கவனத்தோட இதையும் பாருங்க.

முதல்ல இது எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கங்க. பெட்ரோல் கார்ல ஹீட்டருக்குன்னு தனியா எதுவும் எரியறது இல்ல. எஞ்சினைச் சுத்தி ஓடுற கூலன்ட்ங்கிற திரவம் சூடாகும். அதுல கொஞ்சம் டேஷ்போர்டுக்குப் பின்னாடி இருக்கிற ஹீட்டர் கோர்னு ஒரு குட்டி ரேடியேட்டர் வழியாப் போகும். ஃபேன் அது மேல காத்தை ஊதி உள்ளே அனுப்பும். அவ்வளவுதான். அதனால ஹீட்டர் பலவீனமா இருந்தா, பல நேரம் பிரச்சினை எஞ்சினோட கூலிங் சிஸ்டத்துல இருக்கும். ஸ்வெட்டர் போட்டு சமாளிச்சுக்கலாம்னு விட்டா எஞ்சினே போயிடலாம். இதை நான் அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் அதுதான்.

காலையில வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி, எஞ்சின் நல்லா ஆறியிருக்கும்போது, கூலன்ட் டப்பாவைப் பாருங்க. MIN, MAX கோடுகளுக்கு நடுவுல இருக்கணும். பழைய வண்டியில டப்பா நிறைஞ்சிருந்தும் ரேடியேட்டர் உள்ளே குறைஞ்சிருக்கலாம். அதனால ரேடியேட்டருக்குத் தனி மூடி இருந்தா அதையும் திறந்து பாருங்க. சூடா இருக்கும்போது அந்த மூடியைத் தொடவே கூடாது, கொதிக்கிற கூலன்ட் முகத்துல பீச்சி அடிக்கும்.

கூலன்ட் குறைஞ்சா அறிகுறி தெளிவா இருக்கும். சிக்னல்ல நிக்கும்போது குளிர் காத்து வரும், ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா சூடு வரும். டேஷ்போர்டுக்குப் பின்னாடி தண்ணி ஓடுற மாதிரி களகளன்னு சத்தம் கேட்கும். உள்ளே காத்து புகுந்திருக்குன்னு அர்த்தம். குறைஞ்சதை ஊத்திட்டு, ஹீட்டரை முழுச் சூட்டுல வச்சு, உள்ளே இருக்கிற காத்தை வெளியேத்தணும். அதோட, கூலன்ட் எங்கே போச்சுன்னும் கண்டுபிடிக்கணும். மூடின சிஸ்டத்துல அது தானா குறையாது.

நம்ம ஊர்ப் பழக்கம் ரெண்டு இங்கே ரொம்ப ஆபத்து. ஒண்ணு, ரேடியேட்டர்ல குழாய்த் தண்ணி ஊத்துறது. தண்ணி உறைஞ்சா விரியும், எஞ்சின் பிளாக்கே விரிசல் விட்டுடும். கூலன்டும் தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்தா சுமார் மைனஸ் 37 வரைக்கும் உறையாது. அப்போ தண்ணியே கலக்காம ஊத்தினா இன்னும் நல்லதுதானேன்னு கேட்கறவங்க உண்டு. கிடையாது. கூலன்ட்ல இருக்கிற எத்திலீன் கிளைக்கால் தனியா இருந்தா மைனஸ் 13 வாக்குலயே உறைஞ்சுடும். பாட்டில்ல 50/50னு போட்டிருந்தா அப்படியே ஊத்துங்க. கான்சன்ட்ரேட்னு போட்டிருந்தா டிஸ்டில்டு வாட்டர் கலக்குங்க. டொயோட்டாவுக்கு பிங்க், ஹோண்டாவுக்கு நீலம்னு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நிறத்தை மட்டும் நம்பாம, வண்டியோட புத்தகத்துல என்ன வகை சொல்லியிருக்குன்னு பார்த்து வாங்குங்க.

ரெண்டாவது, தெர்மோஸ்டாட். எஞ்சின் சூடாகற வரைக்கும் கூலன்டை ரேடியேட்டருக்கு விடாம மூடியிருக்கிற வால்வு அது. வண்டி சூடாகுதுன்னு போனா அதைக் கழட்டிப் போட்டுடற மெக்கானிக்குகள் நம்ம ஊர்ல உண்டு. அந்த வெயிலுக்கு எப்படியோ ஓடிடும். இங்கே தெர்மோஸ்டாட் இல்லன்னாலும், இருந்து திறந்தபடியே மாட்டிக்கிட்டாலும் எஞ்சின் சூடே ஏறாது. கண்டுபிடிக்கறது சுலபம்: ஹைவேல போகும்போது டெம்பரேச்சர் முள் கீழே இறங்கும், சிட்டிக்குள்ள மெதுவா போனா மெல்ல ஏறும். செக் எஞ்சின் லைட் எரிஞ்சு, கோளாறைப் படிக்கிற ஸ்கேனர்ல P0128னு கோட் வந்தா பெரும்பாலும் இதுதான். இது விலை குறைஞ்ச பாகம், பல வண்டிகள்ல மாத்தறதும் சின்ன வேலைதான். பழைய வண்டியில நான் முதல்ல சந்தேகப்படறது கூலன்ட் அளவு, அடுத்து இது.

முள் நடுவுல சரியா நிக்குது, கூலன்ட் நிறைஞ்சிருக்கு, ஆனாலும் காத்து வெதுவெதுப்பாத்தான் வருதுன்னா, பானெட்டைத் திறந்து எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கிற சுவருக்குள்ளே போற ரெண்டு ரப்பர் ஹோஸைப் பாருங்க. வண்டி நல்லா சூடானதும் ஹீட்டரை முழுசா போட்டுட்டு, எஞ்சினை நிறுத்திட்டு, கையுறையோட ரெண்டையும் தொட்டுப் பாருங்க. ரேடியேட்டர் ஃபேன் எஞ்சின் நின்ன பிறகும் திடீர்னு சுத்தலாம், கையை அது பக்கம் கொண்டு போகாதீங்க. ஒரு ஹோஸ் சூடு, இன்னொண்ணு ஆறிப்போயிருந்தா ஹீட்டர் கோர் அடைச்சிருக்கு, இல்ல ஹீட்டருக்குக் கூலன்டை விடற வால்வு திறக்கல. ரெண்டும் சூடா இருந்தா கூலன்ட் சரியா ஓடுது, கோளாறு காத்துப் பக்கம். டேஷ்போர்டுக்குள்ள டிக் டிக்னு சத்தம் வந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் சூடா வந்தாலோ, காத்தைத் திருப்புற கதவோட மோட்டார் போயிருக்கும். காத்தே கம்மியா வந்தா கேபின் ஃபில்டரைப் பாருங்க. பல வண்டிகள்ல க்ளவ் பாக்ஸுக்குப் பின்னாடிதான் இருக்கும், இலையும் தூசியுமா அடைச்சுக் கிடக்கும். ஃபேன் கடைசி ஸ்பீடுல மட்டும் சுத்துதுன்னா, ஃபேன் வேகத்தைக் குறைக்கிற ரெசிஸ்டர் போயிருக்கும்.

அடைச்ச கோரை முதல்ல தண்ணி விட்டு ஃப்ளஷ் பண்ணச் சொல்லுங்க, அழுத்தம் கம்மியா. கோரை மாத்தறதுன்னா பல வண்டிகள்ல டேஷ்போர்டையே கழட்டணும், கூலி எகிறிடும். கசிவை அடைக்கும்னு கடையில விக்கிற ஸ்டாப் லீக்கை ஊத்தாதீங்க. கோரோட குழாய் ரொம்பச் சின்னது, அதையே அடைச்சிடும்.

உள்ளே இனிப்பா ஒரு வாசனை, கண்ணாடியில துடைச்சாலும் போகாத எண்ணெய்ப் பிசுக்கு, முன்சீட்டுக் கால் பக்கம் கார்ப்பெட் ஈரம் இருந்தா கோர் ஒழுகுது. கூலன்ட் விஷம், ஆனா இனிக்கும். குழந்தையோ நாயோ வீட்டுல இருந்தா சிந்தினதை உடனே துடைச்சுடுங்க. எஞ்சின் சூடான பிறகும் சைலன்சர்ல அடர்த்தியா வெள்ளைப் புகை வந்துக்கிட்டே இருந்து, எங்கேயும் ஒழுகாம கூலன்ட் குறைஞ்சா, எஞ்சின் பிளாக்குக்கும் அதோட மேல் பாகத்துக்கும் நடுவுல இருக்கிற ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அப்போ வண்டியை ஓட்டாம காட்டுங்க.

மெக்கானிக்கிட்ட போகும்போது "ஹீட்டர் வேலை செய்யல"ன்னு மட்டும் சொல்லாதீங்க. நிக்கும்போது குளிரா, ஓடும்போது குளிரா, முள் எங்கே நிக்குது, எந்த ஹோஸ் சூடுன்னு சொல்லுங்க. தேவையில்லாத பாகத்தை மாத்திக் காசு போறது பெருமளவு குறையும்.

சரி பண்ற வரைக்கும் கண்ணாடியில பனி மூட்டம் படிஞ்சா, உள்காத்தையே சுத்தவிடற ரீசர்குலேஷனை அணைச்சு, வெளிக்காத்தை டிஃப்ராஸ்ட்ல வச்சு முன் கண்ணாடி மேல விடுங்க. மூடின கராஜுக்குள்ள வண்டியை ஓடவிட்டு சூடாக்காதீங்க, கதவு பாதி திறந்திருந்தாலும் கார்பன் மோனாக்சைடு உள்ளே சேரும். பனில மாட்டி நின்னா, எஞ்சினைப் போடறதுக்கு முன்னாடி சைலன்சர் வாயை மூடியிருக்கிற பனியைத் தள்ளிடுங்க. பின்சீட்டுல ஒரு கம்பளியும் கனமான கையுறையும் எப்பவும் கிடக்கட்டும்.