படபடப்பு வருவதற்கு முன்னால் உங்கள் உடம்பு என்ன சொன்னது?

திருப்பூரிலிருந்து:

பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். ஷிப்மென்ட் நெருக்கடியில் ரெண்டு வாரம் சரியான தூக்கமில்லாத சமயம். கோயமுத்தூர் பஸ்ஸில் தெக்கலூர் தாண்டியதும் நெஞ்சு தடதடவென்று அடித்தது. விரலெல்லாம் மரத்து, உள்ளங்கை சில்லிட்டு வேர்த்தது. உயிர் போகப் போகிறது என்றே நினைத்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர், "ஏனுங்க தம்பி, கேஸ் ட்ரபிளா?" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார். கருமத்தம்பட்டியில் இறங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஈசிஜி, தைராய்டு எல்லாம் நார்மல்.

மூன்றாவது முறை வந்தபிறகுதான் மனநல மருத்துவரிடம் போனேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "அது வர்றதுக்குக் கால் மணி நேரம் முன்னாடி என்ன செஞ்சிட்டிருந்தீங்க?" யோசித்துப் பார்த்தால், மூன்று தடவையும் கொட்டாவி விட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன். தூக்கக் கொட்டாவி இல்லை. மூச்சு பத்தாத மாதிரி ஆழமாக இழுக்கிற கொட்டாவி, நடுநடுவே பெருமூச்சு. அப்புறம் என்னை அறியாமலே மணிக்கட்டில் நாடி பார்ப்பேன், கதவோர சீட் காலியாகிறதா என்று தேடுவேன். திடீரென்று வருகிறது என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது உண்மையில்லை. உடம்பு முன்கூட்டியே சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

தேவைக்கு மேல் மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோகும், அதனால்தான் விரலும் உதட்டோரமும் குறுகுறுக்கிறது என்று அவர் விளக்கினார். அந்தக் குறுகுறுப்பைப் பார்த்துப் பயந்து இன்னும் மூச்சு வாங்குவோம், அது இன்னும் கூடும். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், அப்புறம் தானாக இறங்கிவிடும். இப்போது கொட்டாவி தொடங்கினாலே நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி மெதுவாக விடுகிறேன்.

சோமனூரிலிருந்து:

எனக்குக் கொட்டாவி இல்லைங்க. தறிச் சத்தம் திடீரென்று தூரத்தில் கேட்கிற மாதிரி ஆகிவிடும், கிணத்துக்குள் இருந்து கேட்பது போல. நூல் முடிச்சுப் போடுகிற கை என் கை மாதிரியே இருக்காது. அதுதான் எனக்கு முதல் அறிகுறி. மாமியார் காத்துக் கருப்பு என்று சொல்லி மந்திரிக்கக் கூட்டிப்போனார். அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. திண்ணையில் உட்காரவைத்து முதுகைத் தடவி, "ஒண்ணுமில்ல கண்ணு, மெல்ல மூச்சு உடு" என்று அவர் சொன்னது மருந்துக்குச் சமம். டாக்டர் சொல்லி ஒரு நாளைக்கு ஐந்து டம்ளர் காப்பியை ஒன்றாகக் குறைத்தேன். படபடப்பு பாதி அடங்கிவிட்டது.

ஈரோட்டிலிருந்து:

இதைப் படிக்கிற யாரும் நெஞ்சுவலியைப் பதற்றம் என்று தானாக முடிவு செய்துவிட வேண்டாம். எங்க அப்பாவும் "மனசுக் கவலைதான், சரியாயிடும்" என்று ரெண்டு நாள் ஓட்டினார். மாடிப்படி ஏறினால் நெஞ்சு இறுக்கம், தாடையில் வலி. பார்த்தால் ரத்தக்குழாயில் அடைப்பு, ஸ்டென்ட் வைத்தார்கள். முதல் தடவை வரும்போது வெளியில் இருந்து பார்த்து எது என்று சொல்லவே முடியாது. 108-ஐக் கூப்பிடுங்கள். ஈசிஜி எடுத்த பிறகு மற்றதைப் பேசலாம்.

திருப்பூரிலிருந்து மறுபடியும்:

ஈரோட்டுக்காரர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இதயம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் நான் சொன்னதெல்லாம். ராத்திரி நேரத்தில் பேச ஆள் இல்லை என்றால் 14416-க்குக் கூப்பிடலாம். டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண், அரசு நடத்துவது, 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது.

போன வாரமும் தெக்கலூர் பக்கம் கொட்டாவி வந்தது. கை மணிக்கட்டுக்குப் போனது, எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கருமத்தம்பட்டியில் கண்டக்டர் விசில் அடித்தபோது நான் எழுந்திருக்கவில்லை. நீலாம்பூர் வருவதற்குள் விரலில் மரமரப்பு போய்விட்டது.