மறு: மறு: 'ப்ராப் ரெப்ளிகா'வுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? (வெள்ளிக்குள் வேண்டும்)

குழுவினருக்கு வணக்கம்.

அவசரமாக ஓர் உதவி. அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடர்களில் வரும் கருவிகளை ரசிகர்கள் அளவு பிசகாமல் தாங்களே செய்துகொள்வது பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். வார்ப்பு, அச்சு, உப்புத்தாள், பூச்சு எல்லாம் சிக்கலில்லாமல் வந்துவிட்டன, தலைப்பிலேயே நிற்கிற 'ப்ராப் ரெப்ளிகா'தான் நகர மறுக்கிறது. ப்ராப் என்பது காட்சியில் கையாளும் பொருள், ரெப்ளிகா அதைப் பார்த்து அப்படியே செய்தது. இப்போதைக்கு 'அரங்கப் பொருளின் நகல்' என்று போட்டிருக்கிறேன். ஆனால் அரங்கம் என்றால் மேடை, இது தொலைக்காட்சி. நகல் என்றதும் படிப்பவருக்கு ஒளிநகல் எடுத்த தாள்தான் நினைவுக்கு வருகிறது. இது போக 'ஸ்க்ரீன் அக்யூரேட்' (திரையில் கண்டதற்கு இம்மி பிசகாதது), 'ஃபவுண்ட் பார்ட்' (கடையில் கிடைத்ததை எடுத்துப் பொருத்தியது), 'ரீகாஸ்ட்' (பிறர் செய்ததிலிருந்து அச்செடுத்து வார்த்தது) மூன்றும் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. பத்தாம் வகுப்பு மாணவர் படித்தாலும் புரிய வேண்டும் என்பது பதிப்பாளர் நிபந்தனை.

அன்புடன்,
ந.

---

> அரங்கப் பொருளின் நகல்

அன்புள்ள ந.,

'நகல்' அரபு வழி வந்தது. 'பிரதி' வடசொல். ஏட்டுப்படி, கையெழுத்துப்படி என்று நாம் காலங்காலமாகச் சொல்லிவரும் 'படி' இருக்கும்போது ஏன் வெளியே போக வேண்டும்? ரெப்ளிகாவுக்குப் 'படி' என்பதோடு அந்தப் பாதி முடிந்தது என்று நினைக்கிறேன்.

ப்ராப் என்பதற்குத் தொல்காப்பியத்திலேயே சொல் இருக்கிறது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று ஒரு நிலத்துக்கே உரியவற்றைத் தொகுத்து அவற்றைக் 'கரு' என்கிறது அகத்திணையியல். பறையையும் யாழையும் கவனியுங்கள். கையில் எடுக்கும் பொருள்கள் அவை, அந்த நிலத்தின் மக்கள் இன்னார் என்று அவற்றைப் பார்த்தே தெரிந்துவிடும். ஒரு விண்கலத்துக்குள் நடக்கிற கதைக்கும் அதே கணக்குத்தான். அங்கே இருப்பவர் கையில் என்ன கருவி என்பதை வைத்தே அது எந்த உலகம் என்று பார்ப்பவர் கண்டுகொள்கிறார். ஆகவே ப்ராப் என்பது அந்தக் கற்பனை நிலத்தின் கருப்பொருள். ரெப்ளிகா 'கருப்பொருட்படி'. முதற்பொருள், வழிப்பொருள் என்று யாராவது சொல்ல வருவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: 'முதலெனப் படுவது நிலம்பொழு திரண்டின் இயல்பு' என்று அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே இடம் கொடுத்தாகிவிட்டது, அதைத் தொடக்கூடாது.

செ.

---

செ. ஐயா,

கருப்பொருள் வேண்டாம். இன்றைக்கு அதைக் கேட்கிறவர் எல்லாரும் கதையின் மையக் கருத்து என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். 'கருப்பொருளை வார்ப்பது எப்படி' என்று ஓர் அத்தியாயத் தலைப்பு வந்தால் அது கதை எழுதப் பழகுகிறவருக்கான நூலாகிவிடும்.

என் கவலை வேறு. நான் பிசின் (ரெசின்) வார்ப்பில் இந்தக் கருவிகளைச் செய்கிறவள். எங்கள் வட்டத்தில் வருகிற சண்டைகளில் பெரும்பாலானவை ஒரே கேள்வியில் போய் முட்டும்: துல்லியம், சரி, எதற்குத் துல்லியம்?

டாலெக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1963-இல் 'டாக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடருக்காக ரேமண்ட் குசிக் வடிவமைத்தது, கவசக் கூட்டுக்குள் இருந்து வரும் வேற்றுலக எதிரி. அந்தக் கதை கறுப்பு வெள்ளையில்தான் ஒளிபரப்பானது. படப்பிடிப்புக் கூடத்தில் நின்ற டாலெக்குக்கு உடம்பு வெள்ளி நிறம், கீழ்ப்பகுதியில் வரிசையாகப் பதித்த அரைக்கோளங்கள் நீலம். அந்த நீலத்தை அன்று வீட்டில் உட்கார்ந்து பார்த்த எவரும் பார்க்கவில்லை. இன்று அதைச் செய்கிறவர் நீலம் அடிக்க வேண்டுமா, சாம்பல் அடிக்க வேண்டுமா? இரண்டு பேருமே தங்களுடையதுதான் துல்லியம் என்பார்கள், இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 1966-இல் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்'கிலும் இதே கதைதான். கேப்டன் சட்டையின் துணி பச்சை, விளக்கொளியும் படச்சுருளும் சேர்ந்து அதைத் திரையில் பொன்னிறமாக்கிவிட்டன.

மூன்றாவதாக ஒரு கூட்டமும் உண்டு. அதே தொடருக்கு வா மிங் சாங் செய்து கொடுத்த தொடர்புக் கருவியில், மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு வட்டத்தில் கோடுகள் சுழலும். அது நெருக்கக் காட்சிக்கென்று செய்த சிலவற்றில் மட்டும்தான், உள்ளே நிறுத்துகடிகாரத்தின் விசையை வைத்துச் சுழல விட்டார்கள். மற்றவை வெறும் கூடு. ஆனால் கதைக்குள் எல்லாமே பேசுகிற கருவிகள். அதனால் சிலர் உள்ளே மோட்டாரும் ஒலிச்சில்லும் வைத்து, கோணலாக இருந்த விளிம்பை நேராக்கி, கதையில் அது எப்படி இருந்திருக்குமோ அப்படியே செய்கிறார்கள். படப்பிடிப்பில் இருந்த பொருளோடு ஒப்பிட்டால் அது தப்பு, கதையோடு ஒப்பிட்டால் அதுதான் சரி. இந்த மூன்றையும் பிரித்துச் சொல்ல முடியாத சொல் எவ்வளவு செந்தமிழாக இருந்தாலும் எங்களுக்குப் பயன்படாது.

நீங்கள் கேட்டதற்கு என் பதில்: அச்சு அசலாக இருக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள் இல்லையா, அதையே 'அச்சசல்' என்று பெயர்ச்சொல்லாக எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் விளக்கவே வேண்டியதில்லை.

வா.

---

அச்சசல் காதுக்கு நன்றாக இருக்கிறது அக்கா. ஆனால் அசலும் நகலும் ஒரே ஊரிலிருந்து வந்தவை, ஒன்றைத் துரத்திவிட்டு மற்றதை உள்ளே விடச் செ. ஐயா ஒப்பமாட்டார்.

'போலி' ஏன் கூடாது? போல இருப்பது போலி. முதற்போலி, இடைப்போலி, கடைப்போலி என்று இலக்கணத்தில் அதற்கு இழிவே கிடையாது. 'இல்முன்' என்பதை 'முன்றில்' என்று மாற்றிச் சொன்னதைச் சான்றோர் ஏற்று அதற்கு இலக்கணப்போலி என்று மரியாதையான பெயரும் வைத்தார்கள். சொல்லின் பழைய மதிப்பை மீட்க இது நல்ல வாய்ப்பு.

இ.

---

தம்பி, இதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். படப்பிடிப்பில் பயன்பட்ட மூலப்பொருள்கள் ஏலத்தில் பெரும் தொகைக்குப் போகின்றன. 2006-இல் கிறிஸ்டீஸ் நியூயார்க்கில் 'ஸ்டார் ட்ரெக்' பொருள்களை மட்டுமே வைத்து ஓர் ஏலம் நடத்தியது. அப்படிப்பட்ட சந்தையில் ஒருவர் ஆசையாகச் செய்ததை இன்னொருவர் மூலம் என்று சொல்லி விற்றால், அதற்குப் பெயர்தான் போலி. நாங்கள் செய்ததை நாங்கள் செய்தது என்று அடியில் குறியிட்டுக் கொடுக்கிறோம். அந்த வேறுபாட்டுக்காகத்தான் பாடுபடுகிறோம், ஒரே சொல்லில் இரண்டையும் கட்டிப்போடாதீர்கள்.

வா.

---

எல்லாருக்கும் வணக்கம். வகுப்பு முடிந்து இப்போதுதான் இழையைப் படித்தேன்.

ப்ராப்: 'புனைபொருள்' என்று சொல்லலாமே. புனைதல் என்றால் கையால் செய்வதும் அழகுபடுத்துவதும் கற்பனை செய்வதும். அறிவியல் புனைகதை என்று சொல்லிப் பழகிய காதுக்கு உறவாகவும் இருக்கும். நெடுநல்வாடையில் 'புனையா ஓவியம்' என்றால் வண்ணம் தீட்டாமல் வெறும் கோட்டோடு விட்ட ஓவியம், ஆகப் பூச்சு வேலையும் அந்தச் சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. வினைத்தொகை என்பதால் ஒற்று மிகாது, யாரும் 'புனைப்பொருள்' என்று எழுதிவிடாதீர்கள்.

ரெப்ளிகா: செ. ஐயா சொன்ன படி. வா. கேட்ட மூன்றையும் முன்னொட்டில் பிரித்துவிடலாம்.

படப்பிடிப்பில் இருந்த பொருளுக்கு நேராகச் செய்தது பொருட்படி. திரையில் தெரிந்ததற்கு நேராகச் செய்தது திரைப்படி. கதைக்குள் இருந்ததற்கு நேராகச் செய்தது கதைப்படி.

நீல அரைக்கோளம் வைத்த டாலெக் பொருட்படி, சாம்பல் நிற டாலெக் திரைப்படி. பிடித்திருக்கிறதா?

மு.

---

> கதைப்படி

'கதைப்படி அவன் இறந்துவிட்டான்' என்று எழுதுகிறோம். இங்கே படி இடைச்சொல்லாகி விடுகிறது, 'சொன்னபடி' மாதிரி. 'இது கதைப்படி செய்தது' என்றால் பெயரா வினையடையா? 'பொருட்படி'யைப் பார்த்தவுடன் 'பொருட்படுத்து' கண்ணில் வருகிறது. மு. அவசரப்படுகிறார்.

மூன்றாவது வகைக்கு 'வழிப்பொருள்' என்பேன். முன்னோர் நூலின் முடிபு ஒத்து, பின்னோன் வேண்டும் விகற்பமும் கூறுவது வழிநூல் என்கிறது நன்னூல். விளிம்பை நேராக்குவதும் உள்ளே மோட்டார் வைப்பதும் பின்னோன் வேண்டும் விகற்பம் இல்லாமல் வேறென்ன? முதல் இரண்டு வகையிலும் விகற்பத்துக்கு இடமில்லை, அவற்றுக்குப் படி என்பதே போதும்.

செ.

---

ஐயா, அந்த இருபொருள்தான் எனக்குப் பிடித்ததே. கதைப்படி அமைந்த படி கதைப்படி. மாணவருக்கு ஒரு தடவை சொன்னால் மறக்காது. வழிப்பொருள் என்றால் வழியில் கிடந்த பொருள் என்று நினைப்பார்கள்.

மு.

---

வழியில் கிடந்த பொருள் என்று மு. சொன்னதும் ந. கேட்ட 'ஃபவுண்ட் பார்ட்' நினைவுக்கு வந்தது. அதைப் பற்றி வா. கொஞ்சம் விளக்க முடியுமா? புதிதாகச் செய்யாமல் கடையில் இருந்த ஒன்றை எடுத்துப் பொருத்துவதுதானே?

செ.

---

ஆமாம் ஐயா. எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு: 'ஸ்டார் ட்ரெக்'கின் 'தி மேன் ட்ராப்' கதையில் உப்புக்காக அலையும் ஓர் உயிர் வரும். அதற்காகப் புதுமையான தோற்றத்தில் உப்புக் குடுவைகளைத் தேடி வாங்கினார்கள். ஆனால் அவற்றைப் பார்த்தால் உப்புக் குடுவை என்று யாருக்கும் தெரியாது என்று காட்சியில் சாதாரணக் குடுவையையே வைத்துவிட்டார்கள். வாங்கியவை மருத்துவர் மெக்காயின் கையில் சிகிச்சைக் கருவிகளாகிவிட்டன. அந்தக் கருவியை உண்மையிலேயே துல்லியமாக வைத்துக்கொள்ள விரும்புகிறவர் எதையும் வார்க்க வேண்டியதில்லை, அதே பழைய குடுவையைத் தேடிப் பிடித்தால் போதும். அது கிடைத்துவிட்டால் அது படியே இல்லை, மூலத்தின் உடன்பிறப்பு. எங்கள் ஆட்கள் ஆண்டுக்கணக்கில் தேடுவது இதற்காகத்தான்.

வா.

---

அருமை! இது அப்படியே தலைக்கோல், ஆடல் அரங்கில் வைத்து வணங்கும் கோல். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில், தோற்றோடிய மன்னனின் வெண்கொற்றக் குடைக் காம்பை எடுத்து, கணுக்களில் மணி பதித்து, அவற்றுக்கிடையே பொன் தகடு வேய்ந்து, அதைச் சயந்தனாக எண்ணி வழிபடுகிறார்கள். குடைக்காம்பு அரங்கத்துக்கு வந்ததும் இந்திரன் மகனாகிறது. உப்புக் குடுவை மருத்துவக் கருவியாவதும் இதே வழக்கம்தான். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று திரைக்கே மூன்று பெயர் வைத்திருந்தவர்கள் நாம், அதைப் பற்றித் தனி இழையில் எழுதுகிறேன்.

பிறர் பாட்டை நம் நூலில் கொண்டுவருவதை எடுத்தாளுதல் என்கிறோம். ஃபவுண்ட் பார்ட் 'எடுத்தாள் பொருள்'.

செ.

---

எடுத்தாள் பொருளுக்கு என் முழு ஆதரவு. நான் நினைத்ததைவிட நன்றாக இருக்கிறது.

ரீகாஸ்ட் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அது எங்களுக்குப் புண். ஒருவர் மாதக்கணக்கில் அளந்து செய்ததை வாங்கி, அதன் மேலேயே சிலிக்கோன் ஊற்றி அச்செடுத்து, மலிவாக விற்பது. பிசின் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும், அதனால் படிக்குப் படி அளவு குறைந்து, கூர்மையான விளிம்புகளும் மழுங்கிக்கொண்டே போகும். உண்மையானதையும் இதையும் அடுத்தடுத்து வைத்து அளந்தால் தெரிந்துவிடும். இதற்கு மென்மையான சொல் வேண்டாம். 'மறுவார்ப்பு' என்று போட்டால் ஏதோ தொழில்நுட்பம் போல இருக்கிறது.

வா.

---

'களவுப்படி'.

இ.

---

களவு என்றால் அகத்திணையில் என்னவென்று இ.வுக்குத் தெரியாதா? கற்புக்கு முந்தைய காதல் ஒழுக்கத்தின் பெயரை எடுத்து...

செ.

---

ஐயா, வள்ளுவர் கள்ளாமை அதிகாரத்தில் களவு என்று சொன்னது திருட்டைத்தானே.

இ.

---

எல்லாருக்கும் நன்றி. இன்று வியாழன், இரவுக்குள் கோப்பை அனுப்பியாக வேண்டும். ஆதரவு தெரிவித்தவர்களை எண்ணிப் பார்த்ததில் புனைபொருள், எடுத்தாள் பொருள், களவுப்படி மூன்றும் போகின்றன. பொருட்படி, திரைப்படி, கதைப்படி மூன்றையும் முதல் அத்தியாயத்தில் டாலெக்கை வைத்து விளக்கிவிட்டு, அதற்குப் பிறகு அப்படியே பயன்படுத்துகிறேன். இவற்றுக்கு மு., இ., நான் மூவர் பக்கம், வா. அக்காவுக்கு அரை மனது, செ. ஐயா எதிர்ப்பு. தலைப்பு 'புனைபொருட்படிகள்'.

ந.

---

அரை மனதுதான். எழுத்தில் நான் கதைப்படி என்று போடுவேன், அதில் எங்கள் ஆட்களுக்கு உண்மையிலேயே ஒரு தெளிவு வரும். வாயால் சொல்லும்போது எங்கள் வட்டத்தில் ரெப்ளிகா என்பது போகாது, அதை வற்புறுத்தவும் மாட்டேன். தலைப்புக்கு அச்சசல் என்பதே சரி என்று இன்னும் நினைக்கிறேன்.

வா.

---

என் மறுப்பைப் பதிவில் வையுங்கள். கருப்பொருள் என்ற சொல்லை மையக் கருத்துக்குக் கொடுத்தது பிற்கால வழக்கு, திருப்பி வாங்கலாம். அடுத்த பதிப்புக்குள் விரிவாக எழுதுகிறேன். அப்புறம் ந., தலைப்பு 'புனைபொருட் படிகள்' என்று பிரிந்தா, சேர்ந்தா?

செ.