ஏகார் இறுகுதில்ல, நாளைக்கு வேணும். உதவி!

கல்லடிப்புள்ள (செவ்வாய் இரவு 8.40)
தயிர்ல இருக்கிற பற்றீரியாவ வளர்க்கிற புரொஜெக்ட். ஏகார் (ஜெலி மாதிரி இறுகிற பவுடர்) காய்ச்சிப் பெத்திரிக் கிண்ணத்தில (மூடி உள்ள தட்டைக் கிண்ணம்) ஊத்தி ரெண்டு மணித்தியாலமாச்சு, இன்னும் கஞ்சி மாதிரி ஆடுது. சரிச்சா மூடி இடுக்கால வழியுது. அளவெல்லாம் சரியாத்தான் போட்டன், குக்கரிலயும் வச்சன். நாளைக்கு மிஸ்ஸுக்குக் காட்டணும். ஆராவது கெதியாச் சொல்லுங்க.

வாவியோரம் (8.52)
எத்தின கிராம் ஏகார், எவ்வளவு தண்ணி? குக்கரில எவ்வளவு நேரம்? வேற என்னென்ன போட்டீங்க? அளவு சரி எண்டு மட்டும் சொன்னா எங்களுக்கு ஒண்டும் விளங்காது தங்கச்சி.

தாழங்குடாக்காரன் (8.55)
கிணத்துத் தண்ணியா? கடலுக்கும் வாவிக்கும் நடுவில இருக்கிற ஊர், உப்புத் தண்ணிதான் வரும். எங்கட வீட்டுக் கிணத்தில சவுக்காரம் நுரைக்காது. குழாய்த் தண்ணியில செய்து பாருங்க.

ஆய்வுகூடத்தான் (9.03)
வீட்டுக் குக்கர் ஓட்டோகிளேவ் (ஆவி அமுக்கத்தில கிருமி கொல்லுற ஆய்வுகூட மெசின்) இல்ல. 121 பாகை, 15 நிமிசம் எண்ட அடிப்படையே தெரியாம வளர்ப்பு செய்ய வெளிக்கிட்டா இப்பிடித்தான். முதல்ல பாடத்தப் படிச்சிட்டு வந்து கேளுங்க.

பயோ டீச்சர் (9.10)
தம்பி, பிள்ளை படிக்கத்தானே கேக்குது. சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் அமுக்கம் வந்தா வீட்டுக் குக்கருக்குள்ளயும் 121 பாகைதான். ஆவி நல்லாச் சீறி வந்த பிறகுதான் வெயிற்றப் போடணும். உள்ளுக்குக் காத்து நிண்டா அமுக்கம் இருக்கும், அந்தச் சூடு வராது. ஆனா அது கிருமி சாகிற விசயம். ஏகார் இறுகாததுக்குக் காரணம் வேற.

மருதமுனை காக்கா (9.18)
நான் இதெல்லாம் படிச்சவன் இல்ல. ஏகார் எண்டா நாங்க நோன்புக்குக் காய்ச்சுற கடற்பாசிதானே? எங்கட உம்மா தேசிப்புளிய அடுப்பில வச்சு விடவே மாட்டா. இறக்கி, ஆவி அடங்கின பிறகுதான் விடுவா. ஒருக்கா தங்கச்சி அவசரத்தில கொதிக்கக்குள்ள விட்டு, விடியுமட்டும் தண்ணியாவே கிடந்த. புளி ஏதும் சேர்த்தீங்களா புள்ள?

ஆய்வுகூடத்தான் (9.21)
சமையல் கதைய விஞ்ஞானத்துக்குள்ள கொண்டு வராதீங்க.

வாவியோரம் (9.30)
ஏகார் ஆய்வுகூடத்துக்கு வந்ததே குசினியாலதான். காசநோய்க் கிருமியக் கண்டுபிடிச்ச ரொபேட் கொக்கின்ர ஆய்வுகூடத்தில வேலை செய்த வால்தர் ஹெஸ்ஸெ, அப்ப இறுக வைக்கப் பாவிச்ச ஜெலற்றீன் கோடைச் சூட்டில உருகுது, பற்றீரியா வேற அதக் கரைக்குது எண்டு கஷ்டப்பட்ட நேரம், 1881ல, அவர்ர மனுசி ஃபன்னிதான் ஏகாரப் பாவிக்கச் சொன்னவ. ஜாவாவில இருந்து வந்த அயலவர் சொல்லி, அவ வீட்டில ஜெலி செய்யப் பாவிச்சது அது. கொக் 1882 காசநோய்க் கட்டுரையில ஏகார எழுதினார், அவவின்ர பேர எழுதல்ல. காக்காவின்ர உம்மா சொல்றத நான் நம்புறன்.

ஆய்வுகூடத்தான் (9.36)
சரி, அந்த வரலாறு எனக்குத் தெரியாது. ஆனா பற்றீரியா மாதிரிக் கண்ணுக்குத் தெரியாத உயிருகளுக்கான சொல்லை எல்லாரும் ஒழுங்காப் பாவியுங்க. நுண்ணங்கி எண்டு பாடப்புத்தகத்தில இருக்கு, பேப்பர்களில நுண்ணுயிர் எண்டு போடுறாங்க.

தாழங்குடாக்காரன் (9.40)
ரெண்டும் ஒண்டுதான். இந்தியப் புத்தகத்தில நுண்ணுயிரி எண்டு கிடக்கும். சோதினைக்கு மட்டும் நுண்ணங்கி எண்டு எழுதட்டும். தண்ணி எங்க எடுத்த எண்டு புள்ள இன்னும் சொல்லல்ல.

கல்லடிப்புள்ள (10.05)
மன்னிச்சுக்கொள்ளுங்க, சாப்பிடப் போயிட்டன். 200 மில்லிலீற்றர் தண்ணி, பவுடர் ஒரு தேக்கரண்டி, தராசு இல்ல. தக்காளிச் சாறும் ரெண்டு மேசைக்கரண்டி வினாகிரியும் போட்டன். தயிர்ப் பற்றீரியாவுக்குப் புளிப்புப் பிடிக்கும் எண்டு வாசிச்சன். இறுகல்ல எண்டு எல்லாத்தையும் திருப்பி குக்கரில இன்னும் அரை மணித்தியாலம் வச்சன்.

பயோ டீச்சர் (10.12)
அதுதான் மனே. காக்கா பிடிச்சிட்டார். ஏகார் எண்டது நீட்டுச் சங்கிலிச் சீனி. புளிப்புக்குள்ள வச்சு வேகவிட்டா அந்தச் சங்கிலி துண்டு துண்டாகும், பிறகு வலை பின்னாது. ரெண்டாந்தரம் வச்சதில மிச்சமும் போயிருக்கும். அந்தக் கலவைய இனித் திருத்தேலாது, ஊத்திருங்க.

புதுசாச் செய்யுங்க. கடையில தராசில 4 கிராம் நிறுத்து வாங்கி, 100 மில்லிலீற்றர் தண்ணியில தனியக் கரைச்சு ஒரு போத்தல். தக்காளிச் சாறும் மற்றப் போசணையும் 100 மில்லிலீற்றரா இன்னொரு போத்தல். வினாகிரி வேணாம், தக்காளிப் புளிப்பே காணும். மூடிய இறுக்காம ரெண்டையும் ஒரே குக்கரில 15 நிமிசம் வையுங்க. வெளிய எடுத்து, கன்னத்தில போத்தல வச்சாத் தாங்கக்கூடிய சூடு, அதாவது 50 பாகையளவு வந்ததும் விளக்குச் சுவாலைக்குப் பக்கத்தில ரெண்டையும் கலந்து உடன ஊத்துங்க. 40க்குக் கீழ இறங்கவிட்டா போத்தலுக்குள்ளயே இறுகிரும். இறுகின ஏகாரில தயிரத் தொட்டுக் கோடு இழுத்த பிறகு டேப் ஒட்டிக் கவிழ்த்து வையுங்க, மூடியில வேர்க்கிற தண்ணி விழாது.

நாளைக்கு மிஸ்ஸிட்ட நடந்தத அப்பிடியே சொல்லுங்க.

கல்லடிப்புள்ள (சனி காலை 7.15)
இறுகிட்டு. கவிழ்த்தும் விழல்ல. மிஸ் ஒரு கிழமை தவணை தந்தவ. கோடு நெடுக ஊசிமுனை மாதிரி வெள்ளப் புள்ளிகள் வந்திருக்கு. ஒரு கிண்ணத்தில மட்டும் ஓரத்தில கறுப்பாப் பஞ்சு. காக்கா, உம்மாவுக்குச் சொல்லுங்க.

தாழங்குடாக்காரன் (7.40)
எந்தத் தண்ணி பாவிச்ச நீங்க?

பயோ டீச்சர் (8.02)
கறுப்புப் பஞ்சு பங்கசு, அதாவது பூஞ்சணம். ஊத்தக்குள்ள மூடி கனநேரம் திறந்திருந்திருக்கும். அந்தக் கிண்ணத்தத் திறந்து மணந்து பார்க்க வேணாம். கண்ணாடிக் கிண்ணமெண்டா மூடியோடயே குக்கரில 15 நிமிசம் வச்சிட்டுக் கழுவுங்க.