‘டிசைனர் டிரக்’ (designer drug): தமிழில் எப்படிச் சொல்வது?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:
குழுவினர் அனைவருக்கும் வணக்கம். அவசரப் பிரிவுச் செவிலியர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மெபெட்ரோன் என்னும் போதைப்பொருளைப் பற்றிய பகுதியில் ‘டிசைனர் டிரக்’ என்ற சொல் வருகிறது. ‘வடிவமைப்பு மருந்து’ என்றால் புற்றுநோய்க்கென ஆய்வகத்தில் வடிவமைத்த நல்ல மருந்தையும் அது குறித்துவிடும். ‘செயற்கைப் போதைப்பொருள்’ என்றாலோ நெடுங்காலமாகத் தடையில் உள்ள மெத்தம்பெட்டமினும் அதில் அடங்கிவிடும். தடைச் சட்டத்திலிருந்து நழுவுவதற்காக மூலக்கூற்றைச் சற்றே மாற்றிச் செய்தது என்னும் பொருள் வர வேண்டும்.

வேதியியல் ஆசிரியர் எழுதியது:
அம்மா, எத்தியோப்பியாவிலும் ஏமனிலும் மக்கள் மெல்லும் காத் இலையில் கேத்தினோன் என்னும் கிளர்ச்சியூட்டும் வேதிப்பொருள் இருக்கிறது. அதன் கட்டமைப்பில் ஓர் அணுத்தொகுதியைச் சேர்த்தோ மாற்றியோ செய்தவைதாம் மெபெட்ரோன் போன்றவை. பிரிட்டன் 2010 ஏப்ரலில் மெபெட்ரோனைத் தடைசெய்ததும் அதே வகையைச் சேர்ந்த நாஃபைரோன் விற்பனைக்கு வந்தது. ஜூலையில் அதையும் தடைசெய்ய நேர்ந்தது. இந்தியாவில் மெபெட்ரோன் 2015-இல்தான் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்தது. மாற்றமே இதன் உயிர் என்பதால் ‘உருமாற்றுப் போதைப்பொருள்’ என்று எழுதலாம்.

தமிழாசிரியர் எழுதியது:
‘புனைபோதை’ என்பதை முன்வைக்கிறேன். வினைத்தொகையாதலால் புனைந்த, புனைகின்ற, புனையும் என மூன்று காலமும் அதில் அடங்கும். நேற்றுச் செய்ததும் நாளை செய்யப்போவதும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. (வினைத்தொகையில் வல்லினம் மிகாது, ‘புனைப்போதை’ என்று எவரும் எழுதிவிட வேண்டாம்.) ‘புனை’ என்பதற்குச் செய்தல், அணிசெய்தல், இட்டுக்கட்டுதல் எனப் பல பொருள் உண்டு. நெடுநல்வாடையின் ‘புனையா ஓவியம்’ என்பதில் வண்ணம் தீட்டி அழகூட்டும் பொருள் வருகிறது. அச்சொல்லின் வேர்வரை சென்று தனி மடலில் விரித்து எழுதுகிறேன்.

மருத்துவர் எழுதியது:
ஐயா, அந்த அழகூட்டும் பொருள்தான் எனக்குத் தடையாக இருக்கிறது. ‘குளியல் உப்பு’, ‘செடி உரம்’ என்று பெயரிட்டு, ‘மனிதர் உட்கொள்வதற்கல்ல’ என்றும் உறையில் அச்சிட்டு, ஏற்கெனவே போதுமான அளவு புனைந்துதான் இவற்றை விற்றார்கள். படுக்கையில் கிடப்பவரோ தாடை இறுகி, வியர்த்து, எவரோ தன்னைக் கொல்ல வருவதாக அலறுகிறார். நரம்புச் செய்தி கடத்தும் டோபமைனும் நார்அட்ரினலினும் நரம்புகளின் இடைவெளியில் மிகுந்துவிடுவதால் இதயம் தறிகெட்டு அடிக்கிறது. உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைக் கடக்கலாம். தசை சிதைந்து அதிலிருந்து கசியும் மயோகுளோபின் என்னும் புரதம் சிறுநீரகத்தைப் பழுதாக்கும்போது சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் இறங்குகிறது. வழக்கமான சிறுநீர்ச் சோதனைப் பட்டையில் இவை பெரும்பாலும் சிக்குவதில்லை. உடனே உடலைக் குளிர்வித்து, பென்சோடயசிபைன் வகை மருந்து கொடுத்து அமைதிப்படுத்த வேண்டிய அந்த நேரத்தில், செவிலியர் படித்தவுடன் விளங்கும் சொல்லே தேவை. ‘மருந்து’ என்பது எவ்வடிவிலும் வேண்டாம். ‘ஊக்கமருந்து’ என்றால் விளையாட்டு வீரர்தாம் நினைவுக்கு வருவர்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:
கருத்துச் சொன்னோரில் பெரும்பாலோர் ‘உருமாற்றுப் போதைப்பொருள்’ பக்கமே நிற்பதால் அதையே இட்டு, முதலில் வருமிடத்தில் ஒரு வரி விளக்கமும் சேர்க்கிறேன்.

தமிழாசிரியர் எழுதியது:
அச்சுக்கு நேரமாகிவிட்டது என்பதை அறிவேன். ஆயினும் எனக்கு உடன்பாடில்லை. ‘உருமாற்றுப் போதைப்பொருள்’ என்றால், உட்கொள்பவரின் உருவை மாற்றும் பொருள் என்றே முதலில் படிப்பவர் கொள்வர். மறுபதிப்பு வருமானால் ‘மாற்றுரு’ என்பதையேனும் எண்ணிப் பார்க்க வேண்டும்.