தேங்காய் எண்ணெய்ல சி8 காணாமப் போகுது, ஜிசி தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க

தென்னை_மாணவி:

எல்லாருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர், ப்ராஜெக்ட் தேங்காய் எண்ணெய் கொழுப்பு அமிலம். பொள்ளாச்சி பக்கம் ஒரு செக்குல நானே நின்னு கொப்பரை போடுறதுல இருந்து பாத்து வாங்கிட்டு வந்த எண்ணெய், அதனால கலப்படத்துக்கு வாய்ப்பே இல்ல. ஆனா ஜிசி (கேஸ் குரோமட்டோகிராபி, கலவைல இருக்கறதைப் பிரிச்சு அளக்கற மெஷின்) ரிப்போர்ட் வேற மாதிரி சொல்லுது.

சி-க்குப் பக்கத்துல இருக்கற நம்பர் அந்தக் கொழுப்பு அமிலத்துல எத்தனை கார்பன்னு சொல்றது. சி8 2.6, சி10 4.5, சி12 50.2, சி14 20.8, சி16 9.9, ஸ்டியரிக் 3.3, ஒலியிக் 7.1, லினோலியிக் 1.6. எல்லாம் ஏரியா சதவீதம், அதாவது ஒவ்வொரு பீக்கோட பரப்பும் மொத்தத்துல எவ்ளோங்கறது. சி6 பீக்கே இல்ல.

கோடெக்ஸ்ல (சர்வதேச உணவுத் தரநிலை) தேங்காய் எண்ணெய்க்கு சி8 4.6ல இருந்து 10 வரைக்கும், சி10 5ல இருந்து 8 வரைக்கும் இருக்கணும். எனக்கு ரெண்டுமே கீழ. கைடு பாத்துட்டு "பாம் கர்னல் (எண்ணெய்ப்பனை விதைப்பருப்பு எண்ணெய்) கலந்திருக்கு, கலப்படம்னு எழுதிடு"ன்னு சொல்லிட்டாங்க. எனக்கு மனசே வரல. அந்தச் செக்குக்காரர் என்னை நம்பி ஒரு லிட்டர் சும்மா குடுத்தாரு, அவர் எண்ணெய்ய நான் எப்படி கலப்படம்னு எழுதுவேன்?

செஞ்ச முறை (கொழுப்பு அமிலத்தை ஜிசில ஓட்டறதுக்காக மெத்தில் எஸ்டரா மாத்தறது): மெத்தனால்ல 0.5 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு போட்டு கொதிக்க வெச்சு, 14% பிஎஃப்3 (போரான் ட்ரைஃப்ளூரைடு) மெத்தனால் ஊத்தி திரும்ப கொதிக்க வெச்சு, ஹெக்ஸேன், தண்ணி விட்டு குலுக்கி, மேல் அடுக்கை எடுத்து 60 டிகிரி வாட்டர் பாத்ல நைட்ரஜன் ஊதி காய வெச்சு, 1 மி.லி. ஹெக்ஸேன்ல கரைச்சு ஊசி போட்டேன். ஜிசில பீக்கைப் பிரிக்கற குழாய் (காலம்) வேக்ஸ் வகை, 30 மீட்டர், ஓவன் 150ல ஆரம்பம். மூணு தடவ பண்ணிட்டேன், கிட்டத்தட்ட இதே நம்பர்தான் வருது.

கொங்கு_லேப்:

லைனர் (ஊசி போடற இடத்துல இருக்கற கண்ணாடிக் குழாய்) மாத்தி எவ்ளோ நாளாச்சு? ஸ்ப்ளிட்ல (ஊசி போட்டதுல ஒரு பங்கு மட்டும் உள்ள போறப்போ) டிஸ்க்ரிமினேஷன் இருந்தா, அதாவது லேசானதும் கனமானதும் ஒரே அளவுல போகலன்னா, இப்படி விகிதம் மாறும், எங்க லேப்ல நடந்திருக்கு. லைனரும் செப்டமும் (ஊசி குத்தற ரப்பர் மூடி) மாத்திப் பாருங்க.

பழைய_ஜிசி_ஆள்:

தம்பி சொன்னது தப்பில்ல, ஆனா அதுல பொதுவா அடி வாங்குறது கனமான பீக், சி20 சி22 மாதிரி. இங்க போயிருக்கறது லேசானது. அதனால நான் வேற பக்கம் சந்தேகப்படுறேன்.

முதல்ல எண்ணெய்ய குத்தவாளி ஆக்காதீங்கம்மா. பாம் கர்னல் கலந்தா சி8 குறையும், உண்மைதான், அதுல சி8 2.4ல இருந்து 6.2, சி10 2.6ல இருந்து 5. ஆனா அதுகூடவே ஒலியிக் 12ல இருந்து 19 வரைக்கும் இருக்கும். உங்க எண்ணெய்ல சி8 பாம் கர்னலோட அடிமட்டத்துக்கு வந்திருக்கு, அந்த அளவுக்குக் கலந்திருந்தா ஒலியிக் 12 தாண்டியிருக்கணும், உங்களுக்கு 7தான். ஒரு பக்கம் மட்டும் பாம் கர்னல், இன்னொரு பக்கம் சுத்தத் தேங்காய், அப்படி ஒரு கலவை கிடையாது. சி14 20.8, சி16 9.9 பாருங்க, தேங்காய்க்கு உள்ள மேல் எல்லைய (21, 10.2) உரசிட்டு நிக்குது. லேசானது பறந்து போச்சுன்னா மிச்சம் இருக்கறதையே 100ன்னு கணக்கு போடுறதால எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் ஏறும், அதான் உங்க ரிப்போர்ட்.

ஒண்ணு கேக்குறேன், நைட்ரஜன் ஊதும்போது ஹூட் பக்கம் பழ வாசனை மாதிரி இனிப்பா வந்துச்சா?

தென்னை_மாணவி:

ஆமா சார்! ஆரஞ்சு, ஒயின் கலந்த மாதிரி ஒரு வாசனை, மூணு தடவையும் வந்துச்சு. ஹெக்ஸேன்ல ஏதோ கலந்திருக்குன்னு நெனச்சேன்.

பழைய_ஜிசி_ஆள்:

அதுதாம்மா உங்க சி8. மெத்தில் ஆக்டனோயேட் வாசனை அப்படித்தான் இருக்கும். வேணும்னு போய் மோந்து பாக்காதீங்க, ஹெக்ஸேன் நல்லதில்ல. அமிலமா இருந்தப்போ அவ்ளோ சுலபமா பறக்காது, மெத்தில் எஸ்டர் ஆனதும் கொதிநிலை 193 டிகிரிக்கு எறங்கிடும், 60 டிகிரில நைட்ரஜன் ஓட்டத்துல வறட்டி எடுத்தா கண்டிப்பா போகும். ஹெக்ஸேன் இருக்கற வரைக்கும் ஓரளவு தாங்கும், ஹெக்ஸேன் தீர்ந்து சோதனைக்குழாய் அடியில எண்ணெய்ப் படலம் மட்டும் மினுக்கும் பாருங்க, அதுக்கப்புறம் ஓடுற ஒவ்வொரு நிமிஷமும் உங்க சி8தான் போகுது.

இதை வாயால சொன்னா கைடு ஏத்துக்க மாட்டாங்க, அளந்து காட்டணும். 37 ஃபேம் ஸ்டாண்டர்ட் (அளவு தெரிஞ்ச 37 மெத்தில் எஸ்டர் கலவை) இருக்குல்ல, அதுல சி8 4%, சி12 4%, ரெண்டும் சமம். எஃப்ஐடி (ஜிசியோட டிடெக்டர்) கார்பாக்சில் கார்பனைப் பாக்காது, அதனால குட்டி எஸ்டருக்கு ரெஸ்பான்ஸ் கம்மி, சி8க்கு திருத்தக் காரணி 1.1927, சி12க்கு 1.0771. ஆக ஒழுங்கான மெஷின்ல சி8 பீக்கை சி12 பீக்கால வகுத்தா 0.90 பக்கம் வரணும். ஸ்டாண்டர்டை நேரா ஒரு தடவ போடுங்க, அதையே உங்க எண்ணெய்க்குப் பண்ற மாதிரி வறட்டி காய வெச்சு திரும்ப கரைச்சு ஒரு தடவ போடுங்க. முதல்ல 0.90 வந்து ரெண்டாவதுல விழுந்துச்சுன்னா ஜிசி மேலயும் தப்பில்ல எண்ணெய் மேலயும் தப்பில்ல.

ஓவனையும் 150ல ஆரம்பிக்காதீங்க, சி6 கரைப்பான் பீக்கோட வாலுக்குள்ள போய் ஒளிஞ்சிருக்கும். 70, 80ல ஆரம்பிங்க.

மத்தி_ஆராய்ச்சி:

நடுவுல வரேன், மன்னிக்கணும். இன்னொரு ஓட்டையும் இருக்கு தங்கச்சி. குலுக்கும்போது வெறும் தண்ணி விட்டீங்கன்னு எழுதியிருக்கீங்க. குட்டி எஸ்டர் மெத்தனால் தண்ணி அடுக்குலயும் கொஞ்சம் தங்கிடும், உப்பு நல்லா கரையாம நிக்கற அளவுக்குப் போட்ட தண்ணி விட்டா ஹெக்ஸேனுக்கு ஏறும்.

ஆனா உங்களுக்கு பிஎஃப்3யே வேண்டாம்னு நெனைக்கிறேன். புது செக்கு எண்ணெய்ல ஃப்ரீ ஆசிட் (எதோடயும் கோக்காம தனியா இருக்கற கொழுப்பு அமிலம்) கம்மி, 0.1 கிராம் எண்ணெய், 2 மி.லி. ஹெப்டேன், 0.2 மி.லி. மெத்தனால்ல கரைச்ச 2 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, 30 வினாடி வேகமா குலுக்கி, தெளிய விட்டு, மேல இருக்கறதுல கொஞ்சம் எடுத்து நீர்த்து நேரா ஊசி. சூடும் இல்ல, காய வைக்கறதும் இல்ல, பறக்க வழியே இல்ல. கீழ் அடுக்கு மட்டும் சிரிஞ்சுல ஏறக்கூடாது, ஜிசி குழாய் வீணாப் போயிடும்.

ரத்த_பிளாஸ்மா:

அக்கா, இந்த 30 வினாடி முறைய நான் பிளாஸ்மாவுக்குப் பண்ணலாமா? எனக்கும் பிஎஃப்3 கையாளவே பயமா இருக்கு.

மத்தி_ஆராய்ச்சி:

வேண்டாம் தம்பி. பிளாஸ்மாவுல ஃப்ரீ ஃபேட்டி ஆசிட் இருக்கு, காரம் அதை எஸ்டர் ஆக்காது, சோப்பாதான் ஆக்கும். கொலஸ்டிரால் எஸ்டர் 30 வினாடில முடியாது, ஸ்ஃபிங்கோமயலின்ங்கற கொழுப்புல அமைடா கோத்திருக்கறதை அது தொடவே தொடாது. அந்தப் பகுதியெல்லாம் காணாமப் போயிட்டு மிச்சத்தை 100ன்னு காட்டும், இந்தப் பொண்ணுக்கு நடந்ததேதான். எனக்கு மத்தி மீன்ல இப்படி ஆச்சு, ஃப்ரீசர்ல ரொம்ப நாள் கிடந்த மீன், லிப்பேஸ் (கொழுப்பை உடைக்கற நொதி) வேலை பாத்து ஃப்ரீ ஆசிட் ஏறிடுச்சு, கார முறைல டிஎச்ஏ (மீன்ல இருக்கற ஒமேகா-3 கொழுப்பு அமிலம்) கம்மியா வந்து ரெண்டு மாசம் தூக்கம் போச்சு. ஹூட்ல கிளவுஸ் போட்டு பிஎஃப்3 பண்ணுங்க, பாட்டில் பழசா இருந்தா தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க, பழசு இல்லாத பீக்கெல்லாம் காட்டும்.

நைட்ரஜனை மட்டும் நீங்க விட்றாதீங்க. உங்களுக்கு சி14க்குக் கீழ பெருசா ஒண்ணும் இல்ல, எதுவும் பறக்காது, ஆனா டிஎச்ஏல ஆறு இரட்டைப் பிணைப்பு இருக்கு, காத்து பட்டா போச்சு.

தென்னை_மாணவி:

பழைய ஜிசி சார், மத்தி அக்கா, பண்ணிட்டேன். ஸ்டாண்டர்ட் நேரா போட்டப்போ சி8/சி12 0.89. அதே ஸ்டாண்டர்டை 60 டிகிரில வறட்டி எடுத்துப் போட்டப்போ 0.33! ரெண்டு குரோமட்டோகிராமையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுப் பாத்தேன், சி16ல இருந்து அப்படியே ஒட்டிப் போகுது, சி8 மட்டும் மூணுல ஒரு பங்கா குட்டையா நிக்குது.

அப்புறம் ஹெப்டேன் முறைல அதே செக்கு எண்ணெய், ஓவன் 80ல ஆரம்பிச்சு: சி6 0.4, சி8 6.8, சி10 5.9, சி12 48.1, சி14 18.9, சி16 9.0, ஒலியிக் 6.4. திருத்தக் காரணி போட்டதும் சி8 7.6, சி12 48.5. எல்லாமே தேங்காய் எண்ணெய் வரம்புக்குள்ள.

பிரிண்ட் எடுத்து கைடு டேபிள்ல வெச்சேன். ரொம்ப நேரம் பாத்தாங்க, அப்புறம் "கலப்படம்ங்கற வரிய எடுத்துடு, இந்த 0.89, 0.33 கதைய முறைகள் அத்தியாயத்துல சேர்த்துடு"ன்னாங்க. அழுகையே வந்துடுச்சு.

பழைய_ஜிசி_ஆள்:

ரொம்ப சந்தோஷம்மா. ஏற்கெனவே வறட்டிப் போட்ட மத்த சாம்பிள் ஏதாவது இருக்கா?

தென்னை_மாணவி:

நாலு இருக்கு சார், கடைல வாங்கின எண்ணெய். அதுல ரெண்டுக்கு கலப்படம்னு நோட்டுல எழுதி வெச்சிருந்தேன், அடிச்சிட்டேன். திங்கக்கிழமை நாலையும் முதல்ல இருந்து ஓட்டப் போறேன்.